விளியும் விளிவும்

தமிழ் இலக்கணம் பயில்வோர் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று படிப்பர். விளித்தலாவது அழைத்தல். அழைப்பவர் ஒருவர், அழைக்கப்படுபவர் ஒருவர், இடையே ஒரு குரல். இம்மூன்றும் அமைந்தால்தான் விளி நிறைவுறும். இச்சொல்லோடு ஒட்டி நிற்கும் இன்னொரு சொல்லையும் அகராதி தருகிறது. விளிதல் என்றால் இறத்தல். விளிவு என்றால் இறுதி. அழைப்புக்கும் அழிவுக்கும் ஒரே ஒலி வாய்த்தது எவ்வாறு என்னும் ஆராய்ச்சியைச் சொல்லாய்வாளர்க்கு விட்டுவிடலாம். பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்துக் கூறிவரும் நாம், அவ்விரண்டும் ஒரே பொழுதில் ஒரே இடத்தில் நிகழக் கண்டது மேற்கு டெக்சாஸின் திறந்த வெளியில்தான். அங்கே அழைக்கும் குரல் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. அக்குரலுக்குரிய உயிர் அங்கில்லை. அக்குரலை நம்பி வந்த உயிர் மட்டுமே இருந்தது.

நம் தம்பி காற்றாலைப் பொறியாளன். முப்பந்தலில் தொழில் கற்று, இன்று டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆஞ்சலோ நகரில் குடியிருக்கிறான். அமெரிக்க நாட்டில் காற்றாலை மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பது அம்மாநிலத்தில்தான். 2023ஆம் ஆண்டு மே மாதக் கோடை விடுமுறையில் அவன் அழைப்பை ஏற்று மூன்று வாரம் அங்குத் தங்கியிருந்தோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்நிலம் அயல்நிலமாகத் தோன்றவில்லை. சாலையின் இருமருங்கும் நாம் கண்டது மெஸ்கீட் என்னும் முள்மரம். நம் ஊர்க் கண்மாய்களை எல்லாம் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. அதனிடையே சப்பாத்திக்கள்ளி. அதுவும் அக்கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்ததே. வேறுபாடு மனித நடமாட்டத்தில்தான் இருந்தது. ஒரு வேலியில் தொடங்கி அடுத்த வேலி வரை சில கல் தொலைவு. அதற்குள் ஒரே ஒரு வீடு.

அத்தகைய வீடொன்றின் உரிமையாளர் தம்பிக்குப் பழக்கமானவர். எழுபதைக் கடந்த பெரியவர். சில நூறு செம்மறியாடுகளை வைத்திருப்பவர். அமெரிக்காவில் செம்மறி மிகுதியாக உள்ள மாநிலம் டெக்சாஸ். அதிலும் சான் ஆஞ்சலோ வட்டாரம் ஆட்டுக்கும் கம்பளி மயிருக்கும் பெயர்பெற்றது. தமிழாசிரியர் என்று தம்பி நம்மை அறிமுகம் செய்ததும், "மொழி கற்பிப்பவரா? அப்படியானால் ஒரு மொழியை உங்களுக்கு நான் கேட்கச் செய்கிறேன்" என்றார் அவர். அவர் கூறியது கயோட்டியின் மொழியை.

கயோட்டியை நரி என்பதா ஓநாய் என்பதா என்னும் மயக்கம் தமிழர்க்கு எழுவது இயல்பே. அது நம் நாட்டு நரியினும் சற்றுப் பெரியது; ஓநாயினும் மிகச் சிறியது. மேற்குப் பகுதிகளில் பத்து முதல் பதினைந்து கிலோ எடை இருக்கும். மெக்சிகோவின் தொன்மொழிகளுள் ஒன்றான நாவாட்ல் மொழியில் அதற்குக் கொயோட்ல் என்று பெயர். அதுவே ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. 1823ஆம் ஆண்டு தாமஸ் சே என்னும் இயற்கை ஆய்வாளர் கேனிஸ் லேட்ரன்ஸ் என்று அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். குரைக்கும் நாய் என்பது அதன் பொருள். பெயரே குரலால் அமைந்தது என்பதை ஈண்டு நோக்குக. 1978இல் பிலிப் லேனர் என்னும் ஆய்வாளர் அதன் ஒலிகளைப் பதினொரு வகையாகப் பகுத்தார். உறுமலும் குரைப்பும் சிணுங்கலும் தனி ஊளையும் கூட்டு ஊளையும் அவற்றுள் அடங்கும். தன் இடத்தை அறிவிக்க ஒன்று, துணையைத் தேட ஒன்று, பகையை எச்சரிக்க ஒன்று என அவ்விலங்கு தன் வாழ்வைக் குரலால் நடத்துகிறது எனலாம்.

அதன் குடும்ப வாழ்வும் குறிப்பிடத்தக்கது. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் பல ஆண்டு வாழும். ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள் சூல் சுமந்து, இளவேனிலில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அவற்றுக்குத் தாயும் தந்தையும் இரை கொணரும். முந்தைய ஆண்டில் பிறந்தவையும் சிலபோது துணை நிற்கும். நரியின் இளமைப் பெயரும் குருளை என்று தொல்காப்பிய மரபியல் கூறுவதால், கயோட்டியின் குட்டியையும் குருளை என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்விலங்கின்மீது அமெரிக்கர் தொடுத்த போர் நெடியது. கால்நடைக்குக் கேடு செய்யும் விலங்குகளை ஒழிப்பதற்கென 1931இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அரசு வேட்டைக்காரர்கள் கண்ணி வைத்தனர், இறைச்சியில் நஞ்சிட்டனர், வானூர்தியிலிருந்தும் சுட்டனர். நடுவணரசு நிலங்களில் நஞ்சிடுவதைக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972இல் ஓர் ஆணையால் தடுத்தார். இத்தனைக்குப் பின்னும் கயோட்டி அழியவில்லை. மேற்குச் சமவெளியில் இருந்த விலங்கு, ஓநாய்கள் ஒழிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் பரவி, இன்று அலாஸ்காவிலிருந்து பனாமா வரை வாழ்கிறது. 1999இல் நியூயார்க் நகரின் நடுவேயுள்ள சென்ட்ரல் பூங்காவிலேயே ஒன்று பிடிபட்டது. ஹவாய்த் தீவுகள் நீங்கலாக அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அது உண்டு.

பெரியவரை வேட்டை வெறியர் என்று எண்ணிவிடலாகாது. நாம் சென்ற நாளன்று காலையில் இறந்து கிடந்த ஓர் ஆட்டுக்குட்டியை அவர் நமக்குக் காட்டினார். கழுத்துத் தோலைக் கத்தியால் உரித்தார். தொண்டையின் இருபுறமும் பற்கள் பதிந்த துளைகள். அவற்றைச் சுற்றி உறைந்த குருதி. "நோயால் இறந்த குட்டியைப் பின்னர் வந்து தின்றால் இப்படிக் குருதி கட்டாது. உயிரோடு இருக்கும்போது கடிபட்டால்தான் கட்டும். பழியைச் சரியான தலையில் சுமத்தவேண்டும் அல்லவா?" என்றார். அந்த இளவேனிலில் மட்டும் பதினான்கு குட்டிகளை இழந்திருந்தார். சற்றுத் தொலைவில் தாயாடு ஒன்று நின்று கத்திக்கொண்டிருந்தது. அது எதை அழைத்தது என்பதை யாரும் நமக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு தம்பியோடு புறப்பட்டோம். பெரியவர் சிறு உணவுப் பெட்டி அளவில் ஒரு கருவியை வண்டியில் வைத்திருந்தார். மண்ணும் இலையும் போல் வண்ணம் பூசப்பட்ட அதன் முகப்பில் ஓர் ஒலிபெருக்கி; கையில் தனியே ஓர் இயக்கி. அங்குள்ளோர் இதனைக் காலர் என்கின்றனர். நாம் அழைப்பான் எனலாம்.

இக்கருவியின் வரலாறு டெக்சாஸ் மாநிலத்தோடு பிணைந்தது. அடிபட்ட முயலின் அலறலைக் கேட்டால் கயோட்டி ஓடிவரும் என்பது வேட்டையாடுவோர் பலகாலமாக அறிந்த செய்தி. முதலில் அவ்வலறலை வாயால் ஒலித்தனர். பின்னர் மரத்தாலும் நாக்குத் தகட்டாலும் ஆன ஊதுகுழலால் ஊதினர். மார்பிள் ஃபால்ஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பர்ன்ஹாம் உடன்பிறப்பினர் 1950களில் அவ்வூதுகுழலை நாடெங்கும் பரப்பினர். வேக்கோ நகரைச் சேர்ந்த ஜானி ஸ்டூவர்ட் என்பார் உண்மையான விலங்கொலிகளைப் பதிவு செய்து 1960களில் இசைத்தட்டாக விற்றார். இசைத்தட்டின் இடத்தை ஒலிநாடா பிடித்தது. ஒலிநாடாவின் இடத்தை எண்முறைப் பதிவு பிடித்தது. இன்றைய அழைப்பானில் நூற்றுக்கணக்கான ஒலிகள் அடங்கும். முயலின் அலறல், எலியின் கீச்சு, பறவையின் துடிப்பு, ஆட்டுக்குட்டியின் கதறல், கயோட்டியின் ஊளை வகைகள் யாவும் பெயரிடப்பட்டு, திரையில் வரிசையாக நிற்கின்றன. விரலால் தொட்டால் போதும்.

வேட்டையின் முறையையும் சிறிது கூறவேண்டும். கயோட்டியின் கண்ணை ஏய்க்கலாம், காதை ஏய்க்கலாம், மூக்கை ஏய்க்க இயலாது என்பது அங்குள்ளோர் துணிபு. எனவே வண்டியைப் பள்ளத்தில் மறைத்துவிட்டு, காற்று முகத்தில் படுமாறு நடந்து செல்வர். ஞாயிறு முதுகுப்புறம் இருக்க, சற்றே மேடான இடத்தில், உருவம் தனித்துத் தெரியாவண்ணம் புதரில் சாய்ந்து அமர்வர். அழைப்பானைத் தம்மருகே வைப்பதில்லை; ஐம்பது அறுபது எட்டுக்கு அப்பால் வைப்பர். வரும் விலங்கின் கண்ணும் கருத்தும் அப்பெட்டியின்மேல் செல்லும், மனிதன்மேல் செல்லாது. முதலில் ஒலியைத் தாழ்த்தி ஒலிப்பர். அருகிலேயே ஒன்று படுத்திருந்தால் பேரொலி அதனை வெருட்டிவிடும். பின்னர்ப் படிப்படியாக உயர்த்துவர். பதினைந்து இருபது நிமிடத்தில் வராவிடில் இடம் மாற்றுவர். வருவதாயின் பெரும்பாலும் வட்டமிட்டு, காற்று தன்னை நோக்கி வீசும் பக்கத்திற்குச் சென்று, மோந்து பார்த்தே நெருங்கும். நெருங்கும் விலங்கை நிறுத்த வேட்டைக்காரர் வாயால் ஒருமுறை குரைப்பார். அது நிமிர்ந்து நின்று பார்க்கும் அந்த நொடிதான் அவர்க்கு உரிய நொடி.

முதலிடத்தில் முயலின் அலறலை ஒலித்தார். குழந்தை ஒன்று வீறிட்டு அழுவது போன்ற ஒலி அது. நம் உடல் சிலிர்த்தது. "காக்கா, அசையாமல் இருங்கள்" என்று தம்பி காதில் கூறினான். எட்டாம் நிமிடத்தில் மெஸ்கீட் மரங்களினூடே சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. ஒரு கயோட்டி. ஓடிவந்து நின்றது, பெட்டியைப் பார்த்தது, நேரே வராமல் இடப்பக்கம் விலகி வட்டமிட்டது. காற்று அதற்கு ஏதோ கூறியிருக்கவேண்டும். மூக்கை உயர்த்தியது; மறுகணம் அங்கில்லை. பெரியவர் துப்பாக்கியைத் தாழ்த்திச் சிரித்தார். "அது படித்தது" என்றார். ஒருமுறை இவ்வொலியை நம்பி வந்து உயிர்தப்பிய கயோட்டியைப் படித்தது என்று சொல்வது அங்குள்ள வழக்காம். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அச்சொல் சிரிப்பை வரவழைத்தது. சிறிது நேரத்தில் அச்சிரிப்பு நம்மிடம் நிற்கவில்லை.

அடுத்த இடத்திற்கு நடந்தவாறே பேசினோம். வேட்டையில் பொய்க்குரல் எங்கள் நாட்டுக்கும் புதிதன்று என்றோம். சங்க நூல்களில் பார்வை என்றொரு சொல் உண்டு. பழக்கிய விலங்கையோ பறவையையோ கட்டிவைத்து, அதன் இனத்தை வரவழைத்துப் பிடிப்பது அக்கால வேட்டுவர் வழக்கம். அவ்வாறு கட்டிவைக்கப்படும் உயிர்க்கே பார்வை என்று பெயர். எயினர் குடிசையின் முற்றத்து விளாமரத்தில் அத்தகைய மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நம் காலத்திலும் நரிக்குறவர் நரியைப்போல் ஊளையிட்டு நரியை வரவழைப்பதில் வல்லவராய் இருந்தனர். வனவிலங்குச் சட்டம் வந்தபின் அத்தொழில் அவர்க்கு இல்லாதொழிந்தது. இவற்றையெல்லாம் பெரியவர் ஆர்வத்தோடு கேட்டார். "தொண்டையால் ஊளையிடுவார்களா?" என்று இருமுறை கேட்டார்.

"நானும் நாற்பது ஆண்டு ஊதுகுழலால்தான் ஊதினேன். முயலின் அலறலைச் சிறுவயதில் உண்மையான முயலிடம் கேட்டுக் கற்றேன். பருந்து தூக்கிய முயல். அந்த ஒலியை ஊதும்போதெல்லாம் அந்த முயல் நினைவுக்கு வரும்" என்றார்.

"குருளையின் அழுகையையும் ஊதுவீர்களா?" என்று கேட்டோம்.

"ஊதியதில்லை" என்றார். ஏன் என்று அவரும் கூறவில்லை; நாமும் கேட்கவில்லை.

இரண்டாம் இடம் ஓர் ஓடைக்கரை. மழையின்றி வறண்டிருந்தது. அதற்கப்பால் உள்ள குன்றில்தான் இணை ஒன்று வளை வைத்திருக்கவேண்டும், ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது அதுவே என்பது பெரியவர் கணிப்பு. இயக்கியின் திரையை நம்மிடம் காட்டினார். முயலுக்கு அடுத்த சில வரிகளுக்குக் கீழே குருளையின் துன்பக்குரல் என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் இடையே விரல் நகர வேண்டிய தொலைவு ஓர் அங்குலமும் இல்லை. "மே மாதத்தில் இதற்கு இணையான ஒலி வேறில்லை" என்று கூறி அதனைத் தொட்டார்.

அடிபட்ட நாய்க்குட்டியின் அழுகையைக் கேட்டவர்க்கு அவ்வொலியை விளக்கவேண்டியதில்லை. கேளாதவர்க்கு விளக்கவும் நாம் விரும்பவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிராது. குன்றின் சரிவிலிருந்து ஒரு கயோட்டி இறங்கியது. வட்டமிடவில்லை. காற்றைத் தேடவில்லை. நின்று பார்க்கவில்லை. முள்ளையும் கல்லையும் பொருட்படுத்தாது நேரே பெட்டியை நோக்கி ஓடிவந்தது. பெட்டியை அடைந்ததும் அதனைக் கடிக்கவோ கவ்வவோ இல்லை. அதைச் சுற்றியிருந்த புல்லை மூக்கால் விலக்கித் தேடியது. பெரியவர் குரைத்து நிறுத்தவேண்டிய தேவையே எழவில்லை. ஒரே வெடிதான்.

அருகில் சென்று பார்த்தபோது அது பெண் என்று தெரிந்தது. காம்புகளில் பால் இருந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். குன்றின் மேலிருந்து குரைப்பும் ஊளையும் கலந்த ஒலி ஒன்று கேட்டது. "ஆண்" என்றார். "எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. குட்டிகளுக்கு ஐந்து வாரமாவது ஆகியிருக்கும்; இரை கொடுத்து அது காப்பாற்றினால் பிழைக்கும். ஆனால் இந்த ஒலிக்கு அது இனி வராது. அதுவும் படித்துவிட்டது."

"உண்மையாகவே அதன் குட்டி அழுதால்?" என்று கேட்டோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவரே அப்பேச்சைத் தொடங்கினார். "பேராசிரியரே, முயலின் ஒலிக்கு வருவது வயிறு, குட்டியின் ஒலிக்கு வருவது தாய். அது எனக்குத் தெரியாதென்று நினைக்கவேண்டாம். ஆனால் என் ஆடும் தாய்தான். அது மூன்று நாளாய்க் கத்துகிறது." இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் எளிதான மறுமொழி இல்லை என்பதே உண்மை.

ஊர் திரும்பியபின் இதுபற்றிக் கிடைத்தவற்றைப் படித்தோம். படிக்கப் படிக்கச் சிக்கல் இறுகியதே அன்றி அவிழவில்லை. செம்மறிக் குட்டிகளைப் பெரிதும் கொல்பவை குருளைகளை வளர்க்கும் இணைகளே என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். டில், நோல்ட்டன் என்னும் இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், வளையிலிருந்து குருளைகளை மட்டும் அகற்றினாலே, பெற்றவை உயிரோடிருந்தும் ஆட்டுக்குட்டிக் கொலை பெரிதும் குறைந்தது தெரியவந்தது. யூட்டா மாநிலத்தில் கயோட்டி இணைகளுக்குக் கருத்தடை செய்து பார்த்தனர். குருளையில்லாத அவ்விணைகள் ஆடுகளைக் கொல்வது குறைந்ததென்று 2001இல் அறிவித்தனர். தன் பசிக்கு முயலும் எலியும் போதும். ஐந்தாறு வாய்களுக்கு ஊட்டவேண்டிவரும்போதுதான் கொழுத்த ஆட்டுக்குட்டி தேவைப்படுகிறது. ஆக, அத்தாயை ஆட்டு மந்தைக்குள் அனுப்பியது எதுவோ, அதுவே அதனைத் துப்பாக்கியின் முன்னும் கொண்டு நிறுத்தியது. இரண்டும் பிள்ளைப் பாசமே.

இனி, கொன்று தீர்வு காணலாமா என்பது அடுத்த வினா. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு 2018ஆம் ஆண்டில் மட்டும் 68,000க்கு மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றது. தனியார் கொன்றவை இக்கணக்கில் சேரா. ஆயினும் தொகை குறையவில்லை. மிகுதியாகக் கொல்லப்படும் பகுதிகளில் எஞ்சிய பெண்கள் ஓர் ஈற்றில் கூடுதலான குருளைகளை ஈனுகின்றன என்று டெக்சாஸ் மாநிலத்தையே ஆய்ந்து 1972இல் நோல்ட்டன் எழுதினார். ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கொன்றாலன்றி அவ்வினத்தை ஒழிக்க முடியாது, அப்போதும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகும் என்று கானலி, லாங்ஹர்ஸ்ட் ஆகிய இருவர் 1975இல் கணக்கிட்டுக் காட்டினர். எனவே கண்ட கயோட்டியை எல்லாம் சுடுவது ஆட்டைக் காக்கும் வழியன்று என்பது தெளிவு. ஆட்டைக் கொல்லும் இணையைத் தேர்ந்து கொல்வதில் பயனுண்டு என்பதும் அதே ஆய்வுகளால் பெறப்படும். பெரியவர் செய்தது அந்த இரண்டாவது.

சட்டமும் இதில் ஒரு கோட்டைத் தேடிக்கொண்டிருப்பதைக் காணலாம். வலசை வரும் பறவைகளைப் பதிவு செய்த குரலால் அழைத்து வேட்டையாடுவதை, சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்க நடுவணரசு தடுத்துள்ளது. வாயால் ஊதும் குழலுக்குத் தடையில்லை. மூச்சைச் செலவிட்டு ஒருவன் எழுப்பும் ஒலிக்கும், சலிப்பின்றிப் பொறி எழுப்பும் ஒலிக்கும் வேறுபாடு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புகிறது. டெக்சாஸில் கயோட்டிக்கு அப்பாதுகாப்பு இல்லை. அதனை ஆண்டு முழுதும் வேட்டையாடலாம். எத்தனை கொன்றார் என்று எண்ணிப் பரிசு வழங்கும் வேட்டைப் போட்டிகளைக் கலிபோர்னியா 2014லும், நியூ மெக்சிகோ 2019லும் தடை செய்தன. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

இச்செய்தியை இரண்டாமாண்டு மாணவர்க்கு மரபியல் நடத்தும்போது கூறினோம். குருளை என்னும் சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் தொடங்கி, வகுப்பு மணி அடித்த பின்னும் பேச்சு நீண்டது. ஒரு மாணவர், "ஐயா, அந்தப் பெரியவர் கொடியவரா?" என்று கேட்டார். அல்லர் என்றோம். "அப்படியானால் அவர் செய்தது சரியா?" என்றார் இன்னொருவர். அவ்வினாவுக்கு அன்று நாம் கூறிய விடையை ஈண்டும் பதிவு செய்கிறோம்.

பசியை ஏமாற்றிப் பிடிப்பது வேட்டையின் தொன்மையான நெறி. தூண்டிலில் புழுவைக் கோப்பவனும் அதைத்தான் செய்கிறான். முயலின் அலறலைக் கேட்டு வரும் கயோட்டி கொல்ல வருகிறது. கொல்ல வந்த இடத்தில் கொல்லப்படுகிறது. அதற்கு ஐயமும் உண்டு, மூக்கும் உண்டு. வட்டமிட்டுத் தப்பும் வாய்ப்பும் உண்டு. நாம் கண்ட முதல் கயோட்டி அவ்வாறே தப்பியது. குருளையின் அழுகைக்கு வருவது அவ்வாறு வருவதில்லை. தன்னைக் காக்கும் அறிவனைத்தையும் அது தானே களைந்துவிட்டு வருகிறது. எந்த ஓர் ஒலிக்கு மட்டும் உயிர்கள் ஐயுறாமல் ஓடிவருமோ, அந்த ஒலியையே கண்ணியாக்குவதுதான் இங்கு நிகழ்வது. முன்னதை ஏமாற்று எனலாம். பின்னதற்கும் அதே பெயரை இட நமக்கு மனம் வரவில்லை.

பொறியின் குற்றம் யாதெனில், இவ்விரண்டையும் அது ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துவிட்டது. தொண்டையாலும் ஊதுகுழலாலும் அழைத்த காலத்தில், குருளையாய் அழுதுகாட்ட விரும்புபவன் முதலில் தன் மூச்சால் அழவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு ஊதியவர் அதை ஊதியதில்லை என்பதை மறந்துவிடலாகாது. பொறி வந்தபின் அழவேண்டிய தேவை இல்லை, தொடவேண்டும், அவ்வளவே.

ஆட்டுக்கு என்ன வழி என்று மாணவர் விடவில்லை. வழிகள் உண்டு. ஈனும் பருவத்தில் ஆடுகளைப் பட்டியில் அடைத்தல், வேலியைத் தாழ்வின்றிக் கட்டுதல், மந்தையோடு காவல் நாயை வளர்த்தல் என்பன அவை. ஐடஹோ மாநிலத்து டூபாய்ஸ் என்னும் ஊரிலுள்ள அரசு செம்மறி ஆய்வு நிலையம், மந்தைக்குள்ளேயே குட்டியிலிருந்து வளரும் வெண்ணிறப் பெருநாய்களைப் பல ஆண்டு ஆய்ந்து, அவற்றால் இழப்பு குறைவதைக் காட்டியது. அந்நாய்க்கும் தீனி வேண்டும், பழக்க ஓராண்டுக்கு மேல் வேண்டும். எல்லா இரவிலும் எல்லாக் குட்டியையும் அது காத்துவிடும் என்பதற்கில்லை. ஆயினும் அது குரைக்கும்போது அதன் குரலில் பொய்யில்லை. கயோட்டிக்கும் அது விளங்கும்.

சென்ற ஆண்டு இறுதியில் தம்பி தொலைபேசியில் பேசியபோது, பெரியவர் அத்தகைய நாய்கள் இரண்டை வாங்கியிருப்பதாகக் கூறினான். அழைப்பானையும் விற்றுவிடவில்லையாம், வண்டியில்தான் இருக்கிறதாம். அதன் திரையில் குருளையின் குரல் இன்னும் இருக்கிறதா என்று தம்பியிடம் நாம் கேட்கவில்லை.